கைராசியாவது, மண்ணாங்கட்டியாவது!

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது சமையல் குறிப்புப் பதிவு இல்லை. குறிப்பு நடுவுல வரும், வேணுங்கறவங்க எடுத்துக்கலாம். ஆனா பதிவு ஒரு வார்த்தையைப் பத்தினது. "கைராசி". இந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சவர் யாருன்னு தெரிஞ்சா கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நிக்க வச்சு நாலு கேள்வி கேட்கலாம்னு இருக்கேன்.

2020 ஊரடங்குல வீட்டுக்கு வீடு ஓவன் வந்துச்சு இல்லையா, எங்க கட்டபெட்டும் அதுக்கு விலக்கில்லை. ஊட்டி, கோத்தகிரி, குன்னூர்னு மூணு பக்கமும் ரோடு பிரியற ஒரு முக்கு, சுத்தி தேயிலைத் தோட்டம், ஒரு இண்ட்கோ ஃபேக்டரி, நாலு டீக்கடை. அவ்வளவுதான் ஊர். இங்கேயும் கேக் ஜுரம் வந்து, இன்னும் முழுசா இறங்கலை. அதுலயும் எல்லாரும் முதல்ல கை வைக்கிறது வாழைப்பழ கேக்குலதான். பெரிய தட்டுல ஒரே அடுக்கா ஊத்தி, மேல வெள்ளையா ஐசிங் தடவி, நட்ஸ் தூவி, சதுரம் சதுரமா வெட்டற கேக். பார்க்க சுலபம். பழம் மிச்சமாகி கறுத்துப் போச்சேங்கற கவலைக்கும் மருந்து.

பண்ணிப் பார்த்தா என்ன ஆகுது? ஓவனுக்குள்ள கேக் ஜம்முனு எழும்புது. பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா நடுவுல பள்ளம். ஓரம் கருகல், நடு மாவு, அடியில களி. எங்க பக்கத்து லைன்ல ஒரு அக்கா, மூணு தடவை இப்படி ஆனதும், காசு கட்டிச் சேர்ந்த ஆன்லைன் கேக் வகுப்புல போட்டோ அனுப்பிக் கேட்டாங்க. வகுப்பு நடத்தறவங்க பேர் வேணாம், ஆட்டோ அனுப்பிடுவாங்க :-) வந்த பதில் இது: "ரெசிபி கரெக்டுதான் சிஸ்டர், எல்லாருக்கும் வருது. கைப்பக்குவம் வரணும், போகப் போகச் சரியாகும்." அதைக் கேட்ட மாமியார் ஒரு படி மேல போய், "அவ கைக்கு ராசியில்ல, விடு"ன்னுட்டாங்க. அக்கா ஓவனை அட்டைப்பெட்டியில போட்டுக் கட்டி பரண்ல ஏத்திட்டாங்க.

என் கோபம் அந்தப் பரண் மேல இருக்கற ஓவனைப் பத்தினது.

ஒரு எளிய கேள்வி கேட்கறேன். எங்க மலையில குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகுமா? திறந்த பாத்திரத்துல வச்சா விடிய விடிய கொதிச்சாலும் பருப்பு பருப்பாவே இருக்கும். இது நீலகிரியில பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாணமாகி கீழேயிருந்து வர்ற பொண்ணுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க, "இங்க எல்லாத்துக்கும் ரெண்டு விசில் கூட விடணும்மா"ன்னு. பருப்பு வேகலைன்னா யாராவது "கைக்கு ராசியில்ல"ன்னு சொல்லியிருக்காங்களா? மலைன்னு சொல்லுவாங்க. பருப்புக்கு மலை காரணம், கேக்குக்கு மட்டும் பொம்பளை கை காரணமா? என்னங்க நியாயம் இது?

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். கோத்தகிரி, குன்னூர் எல்லாம் ஆறாயிரம் அடியை ஒட்டி இருக்கற ஊர்கள். இந்த உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல அஞ்சுல நாலு பங்குதான். தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 93, 94-லயே கொதிச்சு ஆவியாகிடும். பருப்புக்கு அந்தச் சூடு பத்தாது. கேக்குக்கு இதுல ரெட்டைச் சிக்கல். சோடாவும் பேக்கிங் பவுடரும் கிளப்பற வாயுவை மேல இருந்து அழுத்திப் பிடிக்கற காத்து கம்மி. அதனால சென்னையில ஒரு பங்கு விரியற வாயு இங்க ஒண்ணேகால் பங்கு விரியும். கேக் அவசரமா எழும்பும். உள்ளே மாவும் முட்டையும் வெந்து கெட்டிப்படறதோ மெதுவா நடக்கும். சுவர் காயறதுக்கு முன்னாடி மேல மாடி கட்டினா என்ன ஆகும்? அதுதான் அந்தப் பள்ளம். இதுல சர்க்கரை வேற துரோகம் பண்ணும். சர்க்கரை கூடினா மாவு கெட்டிப்பட இன்னும் அதிகச் சூடு கேட்கும். தண்ணி சீக்கிரம் ஆவியாகறதால மிச்ச ஈரத்துல சர்க்கரையோட செறிவும் ஏறிப்போகும். அடியில களி, ஓரத்துல கருகல் எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. கைரேகை பார்த்துச் சொல்ற விஷயம் இல்லை இது.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவுல கொலராடோ மலை மாநிலம். அங்க விவசாயக் கல்லூரியில இங்கா ஆலிசன்னு ஒரு பேராசிரியை 1920-கள்லயே உயரத்துக்கேத்த மாதிரி காத்தழுத்தத்தை மாத்தி ஆராய்ச்சிக்கூடத்துல கேக் சுட்டுப் பார்த்து அளவுகளைத் திருத்தினாங்க. அந்த மாநிலத் தலைநகர் டென்வரோட உயரம் 5,280 அடி. நாம டென்வருக்கும் மேல உட்கார்ந்திருக்கோம். அமெரிக்காவுல கேக் மாவுப் பாக்கெட்லயே "3,500 அடிக்கு மேல இருந்தா இப்படிப் பண்ணு"ன்னு தனியா அச்சடிச்சு வித்தாங்க. அதாவது அந்த ரெசிபியை எழுதினவங்களுக்கே அது எல்லா ஊருக்கும் பொருந்தாதுன்னு தெரியும். அதைக் காப்பியடிச்சு தமிழ்ல போடறவங்களுக்கு மட்டும் தெரியாது. மேல இருக்கற வரியை எடுத்துக்கிட்டு கீழே இருக்கற வரியை விட்டுட்டு வந்தாச்சு. கேட்டா கைப்பக்குவமாம்.

அடுத்தது பழம். "மூணு வாழைப்பழம், தோல் நல்லா கறுத்தது"ன்னு போட்டிருப்பாங்க. எந்த வாழைப்பழம் ஐயா? அங்க வாழைப்பழம்னா ஒரே ஜாதி, கேவண்டிஷ். உரிச்சா ஒண்ணு நூறு கிராமுக்கு மேல நிக்கும். இங்க பூவன், ஏலக்கி, நேந்திரம், செவ்வாழை, கற்பூரவல்லி, மொந்தன், மலைவாழைன்னு ஊருக்கு ஒரு பழம். மூணு ஏலக்கியை உரிச்சுப் போட்டா அவங்க ஊர் பழம் ஒண்ணேகால் கணக்குக்குத்தான் வரும். மூணு செவ்வாழை போட்டா பாயசம். எண்ணிக்கையில சொல்ற ரெசிபியை நம்பி வெண்ணெயை உருக்காதீங்க, எடையில சொல்லச் சொல்லுங்க.

அந்தக் "கறுத்த தோல்" இருக்கே, அது இன்னொரு கண்கட்டு வித்தை. எங்க ஊர்ல வாழை விளையறதில்லை, மேட்டுப்பாளையத்துல இருந்து லாரியில ஏறி வருது. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே குளிர்ல இருந்தா தோல் மட்டும் கறுக்கும், உள்ளே சதை பழுக்கவே பழுக்காது. மார்கழி, தை ராத்திரிகள்ல எங்க சமையல்கட்டு அலமாரியே ஒரு ஃப்ரிட்ஜ்தான். பழம் கரிக்கட்டை மாதிரி கறுத்திருக்கும், உரிச்சா உள்ளே மாவு வாசனை. "தோல் கறுத்துச்சே, இனிப்பே இல்லையே"ன்னு புலம்பாத வீடு கிடையாது. இங்க பார்க்க வேண்டியது நிறம் இல்லை, வாசனையும் விரல்ல அழுத்தினா அமுங்கறதும்தான். அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு அடுப்பு மேடைப் பக்கம் ரெண்டு நாள் வச்சா ஒழுங்காப் பழுக்கும். இதை எந்த வகுப்புல சொல்லித் தர்றாங்க?

கப் கணக்குப் பத்தி ஒரே ஒரு வரி. அவங்க கப் 240 மில்லி. நம்ம வீட்டு டீ கப் எவ்வளவு பிடிக்கும்னு நீங்களே ஊத்திப் பார்த்துக்குங்க.

கரண்ட்டையும் விடக்கூடாது. சாயங்காலம் ஊரே விளக்கு போட்டு, கீசர் போட்டு, வோல்டேஜ் இறங்கும். ஓவன் கம்பியோட சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்துல 190 வந்தா, 1,500 வாட் ஓவன் ஆயிரத்துச் சொச்சம் வாட் ஓவன் ஆகிடும். "பத்து நிமிஷம் முன்சூடு"ன்னு எழுதினதை நம்பி உள்ளே வச்சா ஓவன் இன்னும் பல் தேய்ச்சிக்கிட்டிருக்கும். ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்க விடுங்க, இல்லைன்னா மத்தியானமா சுடுங்க.

இப்ப சிலர் கிளம்புவாங்க. "எங்க பாட்டி எந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்தா? எல்லாம் கைப்பக்குவம்தானே?" அண்ணே, அங்கதான் தப்பு பண்றீங்க. பாட்டி பார்த்தது ராசி இல்லை, பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது தட்டுத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு, விரல்ல உருட்டிப் பார்ப்பா. உருண்டு வந்தா பதம், கரைஞ்சா இன்னும் காயணும். அந்தச் சோதனை மதுரையிலயும் சரியா வரும், தொட்டபெட்டாவுலயும் சரியா வரும். ஏன்னா அவ சூட்டை அளக்கலை, பாகுல எவ்வளவு தண்ணி மிச்சம்னு அளந்தா. இதே பாகை தெர்மாமீட்டர் வச்சுப் புஸ்தகத்துல போட்ட டிகிரிக்குக் காய்ச்சினா இந்த மலையில கல்லாகிடும், ஆறு டிகிரி போல முன்னாடியே இறக்கணும். ஆக பாட்டியோட முறை அந்தப் புஸ்தகத்தைவிட ஒரு படி மேல. பதம்ங்கறது காரணம் உள்ள விஷயம், ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லித் தரலாம். ராசிங்கறது சொல்லித் தர முடியாதது, சொல்லித் தரத் தெரியாதவங்களுக்கு வசதியானது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு பாட்டியைக் கேவலப்படுத்தாதீங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "வால்நட் இல்லாம, க்ரீம் சீஸ் இல்லாம பண்றது ஒரிஜினலே இல்லை"ன்னு மூக்கு சுளிக்கிற கோஷ்டி. ஒரிஜினலாம்! பேக்கிங் பவுடரும் சோடாவும் வீட்டுக்கு வீடு புழக்கத்துக்கு வந்து, 1930-கள்ல பஞ்சத்துல பழத்தை வீணாக்க மனசில்லாம அமெரிக்க வீடுகள்ல பரவினதுதான் இந்த வாழைப்பழ ரொட்டி வகையறா. வாழைப்பழமும் நட்ஸும் க்ரீம் சீஸ் ஐசிங்கும் சேர்ந்த அவங்களோட பிரபலமான கேக், ஹம்மிங்பேர்ட் கேக், ஜமைக்காவுல இருந்து போனது. 1978-ல சதர்ன் லிவிங் பத்திரிகையில வந்து ஊரெல்லாம் பரவுச்சு. ஜமைக்காவுல இருந்து போனதுல அமெரிக்கா தன் ஊர் பீக்கன் கொட்டையைப் போட்டுச்சு. அவங்க மாத்தினா ஒரிஜினல், நாம முந்திரி போட்டா டூப்ளிகேட்டா?

அவ்வளவு தூரம் எதுக்கு, மலையை விட்டு மேற்கால இறங்கினா தலச்சேரி. 1883 கிறிஸ்துமஸ் சமயத்துல மர்டாக் பிரவுன்னு ஒரு தோட்டக்கார துரை இங்கிலாந்துல இருந்து வந்த கேக்கைக் காட்டி, இதே மாதிரி பண்ண முடியுமான்னு மாம்பள்ளி பாப்புகிட்ட கேட்டார். ராயல் பிஸ்கட் ஃபேக்டரின்னு பேக்கரி நடத்தினவர் பாப்பு. துரை பிராந்தி ஊத்தச் சொன்னார். பாப்பு அதுக்குப் பதிலா முந்திரிப்பழமும் கதளி வாழைப்பழமும் போட்டு வடிச்ச உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்து சுட்டுக் கொடுத்தார், துரை அசந்துட்டார்னு தலச்சேரியில இன்னைக்கும் பெருமையாச் சொல்றாங்க. இந்தியாவுல இந்தியர் கையால சுட்ட முதல் கேக்குன்னு கொண்டாடப்படறது அதுதான். அதுலயே வாழைப்பழம் இருக்கு, முந்திரி இருக்கு, "சொன்ன சாமானைத்தான் போடுவேன்"ங்கற அடிமைப் புத்தி இல்லை. "கேக்கெல்லாம் வெள்ளைக்காரன் பண்டம், நமக்கெதுக்கு"ன்னு வர்ற பண்பாட்டுக் காவலர்களும் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிச்சுக்கலாம். வாழைப்பழத்தைப் பிசைஞ்சு இனிப்பைச் சேர்த்து கெடாம வைக்கிறது நமக்குப் புதுசா? பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையை ஏன் தேடினாங்க? அதுல தண்ணி கம்மி, அதனால.

சரி, எங்க அடுப்படியில ஒழுங்கா வர்ற அளவைச் சொல்லிடறேன். 9-க்கு 13 அங்குலத் தட்டு நம்ம சின்ன ஓவன்ல போனாலும் காத்து சுத்த இடமிருக்காது, 8-க்கு 10 போதும். மைதா 180 கிராம், பொடிச்ச சர்க்கரை 140 (அமெரிக்க அளவுல 200 வரும், வேணாம்). ரேஷன் சர்க்கரையைப் பொடிக்காமப் போட்டா வெண்ணெயோட சேராது. உப்பில்லாத வெண்ணெய் 80, முட்டை 2, மசிச்ச பழம் 200 கிராம், கெட்டித் தயிர் 150 மில்லி, சமையல் சோடா அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைச்சலாத் தலை தட்டி, உப்பு ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடர் வேண்டாம், பழத்துலயும் தயிர்லயும் இருக்கற புளிப்பே சோடாவுக்குப் போதும். பழம் ரோபஸ்டான்னா ரெண்டு ஸ்பூன் தயிரைக் குறைங்க. கூடலூர்ப் பக்கத்து நேந்திரம் நல்லாப் பழுத்தது கிடைச்சா அதுதான் ராஜா. வறுத்து உடைச்ச முந்திரி 60 கிராம். வேர்க்கடலை போட்டாலும் தப்பே இல்லை, தோலை ஊதிட்டுப் போடுங்க. குளிர்ல வெண்ணெய் செங்கல் மாதிரி இருக்கும், சுடுதண்ணிப் பாத்திரத்து மேல கிண்ணத்தை வச்சு இளக்கிட்டு அடிங்க, உருக்கிடாதீங்க. வெண்ணெயும் சர்க்கரையும், அப்புறம் முட்டை ஒவ்வொண்ணா, பழம், தயிர், கடைசியா சலிச்ச மாவு. மாவு போட்டப்புறம் சும்மா சும்மா கிண்டினா ரப்பர். ஓவன் 185-லிருந்து 190. புஸ்தகத்துல 175-ன்னு இருக்கும், இங்க கொஞ்சம் கூட வச்சாத்தான் எழும்பின மாடி விழறதுக்கு முன்னாடி சுவர் காயும். 25 நிமிஷத்துல குச்சி குத்திப் பாருங்க.

மலைக்கு ஏன் தட்டு கேக்கைச் சொல்றேன்னா, உசரமான கேக்குல நடுப்பகுதி கடைசியா வேகும், அதுதான் முதல்ல உட்காரும். ஒண்ணரை அங்குல கனத்துல பரப்பி ஊத்தினா நடுவும் ஓரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வெந்துடும். மூணடுக்கு கேக்குக்கு ஆசைப்படறவங்க ரெண்டு தட்டு சுட்டு அடுக்கிக்குங்க.

மேல பூசறதுக்கு க்ரீம் சீஸ் தேடி ஊட்டிக்கு பஸ் ஏறாதீங்க. அரை லிட்டர் தயிரைத் துணியில கட்டி ராத்திரி தொங்க விட்டா காலையில கெட்டியா நிக்கும். அதுல 150 கிராம், வெண்ணெய் 60, சலிச்ச சர்க்கரைத் தூள் 100, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். கேக் முழுசா ஆறினப்புறம் பூசணும். இந்த ஒரு விஷயத்துலதான் மலை நம்ம கட்சி. கோயம்புத்தூர் வெயில்ல வழிஞ்சு ஓடற பூச்சு இங்க சிலை மாதிரி நிக்கும். இதை விட்டுட்டு, டப்பாவுல வர்ற பால் கலக்காத விப்பிங் க்ரீமை அடிச்சுப் பூசிட்டு "ஃப்ரெஷ் க்ரீம்"னு விக்கிறாங்களே, அவங்களைத் தனிப் பதிவுல கவனிக்கறேன். டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிங்க, தாவர எண்ணெய்னு அவங்களே எழுதியிருப்பாங்க. வெண்ணெய்க்குப் பேர்போன மலை இது. 1905-ல இந்த மலையில வெண்ணெய் வியாபாரமா ஆரம்பிச்சதுதான் நீல்கிரீஸ், 1936-ல பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்குப் போச்சு. அப்படிப்பட்ட ஊர்ல பாமாயில் பூச்சா!

"ஒரு கேக்குக்கு இவ்வளவு பெரிய சண்டையா, வேற ஆணி இல்லையா"ன்னு கேட்பீங்க. வெண்ணெய், வால்நட், க்ரீம் சீஸ் எல்லாம் அவங்க சொன்னபடியே வாங்கினா ஒரு தட்டுக்கு அறுநூறு ரூபாய் சொச்சம். பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாயைச் சுத்திச் சுத்தி வந்த ஊர் இது. கட்டுப்படியாகற விலை வேணும்னு 2023-ல கோத்தகிரிப் பக்கம் நாள் கணக்குல உண்ணாவிரதம் இருந்த சிறு விவசாயிகளோட ஊர். ஒரு கேக் பாழானா முப்பது கிலோ இலை பறிச்ச காசு குப்பைக்குப் போகுது. மூணு கேக்குன்னா கணக்குப் போட்டுக்குங்க. பிறந்தநாளுக்கு நாலு ஆர்டர் எடுத்துப் பிள்ளைங்களோட ஸ்கூல் வேன் காசையாவது பார்த்துக்கலாம்னுதான் அந்த அக்கா ஓவனே வாங்கினாங்க, தவணையில. தவணை இன்னும் ஓடுது. வகுப்புக்காரங்க சோடாவைக் கொஞ்சம் குறைங்க, சர்க்கரையைக் குறைங்க, சூட்டைப் பத்து டிகிரி கூட்டுங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். அவங்க ஃபீஸ் வாங்கினதே அந்த ஒரு வரிக்குத்தானே?

சமையல் பதிவு போடற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள், கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவை கேக் பதிவு போடும்போது மேல ரெண்டு தகவலைப் போடுங்க: எந்த ஊர்ல சுட்டீங்க, எந்தப் பழத்தை எத்தனை கிராம் போட்டீங்க. கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, மூணாறு, நுவரெலியான்னு மலையில உட்கார்ந்து தமிழ்ல படிக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. உங்களுக்கு ஒரு வரி, அவங்களுக்கு ஒரு கிலோ வெண்ணெய்.

பி.கு: அக்கா வீட்டுப் பரண்ல இருந்து ஓவனை இறக்கியாச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், வோல்டேஜ் நல்லா இருக்கும்போது, மேல சொன்ன அளவுல சுடறதா இருக்கோம். மாமியாரும் கூட இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. பாகு பதம் பார்க்க அவங்களைவிட்டா ஆள் கிடையாது, அடுத்த வாட்டி நாட்டுச்சர்க்கரைப் பாகு பூச்சு பண்ணும்போது அவங்கதான் அடுப்புக்கு இன்சார்ஜ் :-)